உப்பு மண்ணில் நல்ல தண்ணீர்: ஊரணி எப்படி வேலை செய்கிறது? தூர்வாரினால் மட்டும் ஏன் போதாது?

ராமநாதபுரம் மாவட்டத்து கிராமச் சாலைகளில் ஒரு தள்ளுவண்டியை அடிக்கடி பார்க்கலாம். நாலு சின்னச் சக்கரம், மேலே வரிசையாக பிளாஸ்டிக் குடங்கள், பின்னால் தள்ளிக்கொண்டு வரும் பெண்கள். கோடை வந்துவிட்டால் இந்த வண்டிகளின் எண்ணிக்கையும் கூடும், அவை போகும் தூரமும் கூடும்.

அந்த மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தைத் தோண்டினால் தண்ணீர் வரும். ஆனால் வாயில் வைக்க முடியாது, உப்பு. ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட ஊர்களில் குழாயும் மோட்டாரும் வருவதற்கு முன்பு மக்கள் எதைக் குடித்தார்கள்?

பதில் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் ஊரணி.

இயற்கை சார்ந்த முறைகளால் கிராமங்களுக்குக் குடிநீர் கொடுப்பது பற்றி உலகம் முழுக்க இப்போது பேசுகிறார்கள். ஐ.நா.வின் 2018 ஆம் ஆண்டு உலக நீர் மேம்பாட்டு அறிக்கையின் தலைப்பே 'நீருக்கான இயற்கை சார்ந்த தீர்வுகள்' என்பதுதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தந்த கணக்கின்படி, 2022 இல் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லாதவர்கள் சுமார் 220 கோடி பேர். ஊரணி இந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு தூரம் உதவும்? எங்கே உதவாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கண்மாய், குளம், ஊரணி: என்ன வித்தியாசம்?

தென் மாவட்டங்களில் கண்மாய் என்றால் வயலுக்குப் பாயும் நீர். பெரிய பரப்பு, நீளமான கரை, மடை, கலுங்கு எல்லாம் இருக்கும். குளம் என்பது குளிக்க, துவைக்க, ஆடு மாடு குடிக்க. ஊரணி மனிதர்கள் குடிப்பதற்காக மட்டும் ஒதுக்கப்பட்டது. 'ஊர் உண்ணும் நீர்' என்ற பொருளில்தான் ஊருணி என்ற சொல்லே வந்தது. திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் இந்தச் சொல் இருக்கிறது. அந்த அளவுக்குப் பழைய ஏற்பாடு இது.

பார்ப்பதற்குச் சின்னதாக, ஊரையொட்டி, சுற்றிலும் கரை கட்டி, இறங்கப் படிக்கட்டோடு இருக்கும். ஆத்துத் தண்ணி இல்லை, ஊற்றுத் தண்ணியும் இல்லை. பெரும்பாலும் மழைத்தண்ணி மட்டும்தான்.

கீழே உப்பு, மேலே நல்ல தண்ணீர்: எப்படி சாத்தியம்?

இதுதான் ஊரணியின் முக்கியமான சூட்சுமம். ஊரணியின் அடித்தளம் களிமண். களிமண்ணில் துகள்கள் மிக நுண்ணியவை, அதனால் தண்ணீர் எளிதில் ஊடுருவ முடியாது. ஆண்டுக்கணக்கில் படியும் நுண்ணிய வண்டலும் அந்த இடுக்குகளை இன்னும் அடைத்துவிடும். மேலே மழைநீர், நடுவில் களிமண் படுகை, அதற்குக் கீழே உப்பு நிலத்தடி நீர். அந்தப் படுகைதான் இரண்டையும் கலக்கவிடாமல் பிரித்து வைக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஊரணி என்பது மண்ணாலேயே பூசப்பட்ட ஒரு பெரிய தொட்டி.

அப்படின்னா, ஆழமாகத் தோண்டினால் இன்னும் நிறையத் தண்ணீர் நிற்குமே? பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஜேசிபியை இறக்கி 'நல்லா ஆழப்படுத்துறோம்' என்று களிமண் படுகையையே கிழித்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். அடியில் மணல் இருந்தால் தேங்கும் மழைநீர் கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீர் மேலாக இருந்தால் உப்புத்தண்ணி உள்ளே ஏறும். பார்க்கப் பெரிய ஊரணியாக இருக்கும், தண்ணீர் மட்டும் குடிக்க ஆகாது.

அதனால், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் தோண்ட ஆரம்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் இரண்டு மூன்று இடங்களில் சின்னக் குழி எடுத்துப் பார்த்தால், வண்டல் எவ்வளவு, களிமண் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு கனம் என்பது தெரிந்துவிடும்.

ஒரு ஊருக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? ஒரு சின்னக் கணக்கு

ஆயிரம் பேர் இருக்கும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று வைப்போம். ஒரு வருடத்துக்கு 36.5 லட்சம் லிட்டர் வேண்டும்.

இப்போது 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் உள்ள ஓர் ஊரணி. நம் ஊர் வெயிலுக்கு ஒரு வருடத்தில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று கணக்கு வைத்தால், அது மட்டும் 37.5 லட்சம் லிட்டர்.

கவனித்தீர்களா? ஊர் குடிக்கிற அளவுக்குச் சூரியனும் குடிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 74 லட்சம் லிட்டர். அதற்கு இந்த ஊரணியில் சராசரியாக 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும்.

இதே தண்ணீரை 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று அகலமாக, ஆழம் குறைவாகத் தேக்கினால் என்ன ஆகும்? வெயிலுக்குப் போவது நாலு மடங்காகி 150 லட்சம் லிட்டர் ஆகிவிடும். அதாவது நிற்கும் 74 லட்சம் லிட்டரும் மொத்தமாகப் போய், கோடையிலேயே ஊரணி காய்ந்துவிடும். குடிநீர் ஊரணியின் வாய் சின்னதாகவும் வயிறு ஆழமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்த ஆழம் களிமண் படுகையைத் தாண்டக் கூடாது.

அந்த 74 லட்சம் லிட்டர் எங்கிருந்து வரும்?

ராமநாதபுரத்தில் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. சென்னையில் பெய்வதில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். அந்த மூன்று மாதத்தில் பிடித்தால் உண்டு, விட்டால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

ஊரணியின் மேல் நேராக விழும் மழை 20 லட்சம் லிட்டர். மீதி 54 லட்சம் லிட்டர் சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஓடி வர வேண்டும். ஒரு ஏக்கரில் 800 மி.மீ. மழை பெய்தால் சுமார் 32 லட்சம் லிட்டர். ஆனால் அதில் பெரும்பகுதி மண்ணில் ஊறும், ஆவியாகும். ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்து சேர்கிறது என்று வைத்தால் ஏக்கருக்கு 6.4 லட்சம் லிட்டர். அப்படியானால் சுமார் எட்டரை ஏக்கர் நிலம் தேவை. மழை குறைந்த வருடத்தையும் கசிவையும் நினைத்தால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இந்த நிலத்துக்குப் பெயர் நீர்வரத்துப் பகுதி. அங்கிருந்து ஊரணிக்கு வரும் வாய்க்கால்தான் வரத்துக்கால்.

இப்போது அந்த எட்டரை ஏக்கரில் 3 ஏக்கரில் வீட்டு மனை போட்டு, தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். வருடத்துக்குச் சுமார் 19 லட்சம் லிட்டர் காலி. அது 500க்கும் மேற்பட்டவர்களின் ஒரு வருடக் குடிநீர். ஊரணியை யாரும் தொடவே இல்லை, ஒரு கைப்பிடி மண் கூட உள்ளே விழவில்லை. ஆனாலும் பாதி ஊருக்குத் தண்ணீர் போய்விட்டது.

தூர்வாரியும் தண்ணீர் வராத ஊரணிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இது முக்கியமானது. செலவு முழுவதும் குழிக்குப் போகிறது, தண்ணீர் வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை.

ஊரணி எப்படிப் பாழாகிறது?

ஒரே நாளில் நடப்பதில்லை. பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கும்.

முதலில் ஊருக்குக் குழாய் வரும். அது நல்ல விஷயம்தான். ஆனால் 'இனிமே ஊரணி எதுக்கு?' என்ற எண்ணமும் கூடவே வரும். காவல் நின்றுபோகும். துணி துவைக்க ஆரம்பிப்பார்கள், மாடு இறங்கும். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டி, ஓடி வரும் தண்ணீரையும் மண்ணையும் தடுக்கும். ரோடு போடும்போது குறுக்கே குழாய்ப் பாலம் வைக்க மறந்துவிட்டால், தண்ணீர் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பிறகு சாக்கடையின் வாய் ஊரணிப் பக்கம் திரும்பும். கடைசியில் குப்பை. 'இது வெறும் பள்ளம்தானே' என்று யாராவது கரையில் ஒரு சுவர் எழுப்புவார்கள்.

ஜல் சக்தி அமைச்சகம் 2023 இல் வெளியிட்ட நாட்டின் முதல் நீர்நிலைகள் கணக்கெடுப்பில் மொத்தம் 24.24 லட்சம் நீர்நிலைகள் பதிவாகின. அவற்றில் 97 சதவீதம் கிராமப்புறங்களில் இருக்கின்றன. 16.3 சதவீதம் பயன்பாட்டில் இல்லை. அதாவது கிட்டத்தட்ட ஆறில் ஒன்று.

குழாய்த் தண்ணீர் வந்தாச்சே, அப்புறம் ஊரணி எதற்கு?

நியாயமான கேள்வி. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டில் 3.23 கோடி கிராமப்புற வீடுகளில்தான் குழாய் இணைப்பு இருந்தது. இப்போது அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. ராமநாதபுரத்துக்குக் காவிரித் தண்ணீரும் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாய் வழியாக வருகிறது.

ஆனால் குழாய் தண்ணீரைக் கொண்டுவரும், உண்டாக்காது. எங்கோ ஒரு ஆறோ, கிணறோ வற்றாமல் இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் குழாயில் உடைப்பு, மின்வெட்டு, மோட்டார் பழுது என்று எது நடந்தாலும் கடைசி ஊருக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். அந்த நாளில் ஊருக்குள் நிற்கும் ஒரு மாதத் தண்ணீர் பெரிய விஷயம்.

உள்ளூர் நிலத்தடி நீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்துக் குடிக்கலாமே என்றால், அதற்கும் மின்சாரம் வேண்டும், அவ்வப்போது சவ்வு மாற்ற வேண்டும். உப்பு இன்னும் அடர்த்தியான கழிவுநீரும் வரும். அதைப் பக்கத்து நிலத்திலேயே விட்டால், நாளை எடுக்கப் போகும் தண்ணீரும் கெடும்.

ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதிகளுக்கும் இது பொருந்தும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. மழைநீரில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் கிடையாது. ஏனென்றால் ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊரணி குழாய்க்குப் பதிலாக வராது. ஆயிரம் பேருக்கு 55 லிட்டர் வீதம் ஒரு வருடத்துக்கு 2 கோடி லிட்டர் தேவை. அதை ஒரு சின்ன ஊரணியால் தர முடியாது. குடிக்க, சமைக்க ஊரணித் தண்ணீர், குளிக்க, துவைக்க வேறு தண்ணீர். இந்தப் பங்கீடு இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அப்படியே குடிக்கலாமா?

வேண்டாம். இயற்கையானது என்பதால் மட்டும் ஒரு தண்ணீர் பாதுகாப்பானதாகிவிடாது. திறந்தவெளி நீரில் பறவை எச்சம், கால்நடைச் சாணம், மனிதக் கழிவு எல்லாம் சேர வாய்ப்பு உண்டு. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியில் வரக்கூடியவை. சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது சேற்றைப் படிய வைக்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகும். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, கிருமி இல்லாத தண்ணீர் வேறு.

அப்படியென்றால் என்ன செய்வது? இதற்கும் இயற்கை சார்ந்த ஒரு பதில் இருக்கிறது. அதுதான் மெதுமணல் வடிகட்டி.

மணல் எப்படிக் கிருமியைப் பிடிக்கிறது?

ஒரு தொட்டியில் கீழே சரளைக்கல், மேலே இரண்டு மூன்று அடி நுண்மணல். அதன் வழியாகத் தண்ணீரை மிக மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கவிட வேண்டும். சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் வழவழப்பான ஒரு படலம் உருவாகும். அதில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழும். நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிப்பதில் முக்கியப் பங்கு அந்தப் படலத்துக்கு. ரசாயனம் தேவையில்லை, சரிவு சரியாக இருந்தால் மோட்டாரும் தேவையில்லை.

இது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1892 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரில் பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு ஊரும் குடித்தது ஒரே எல்பா ஆற்றுத் தண்ணீர்தான். சொல்லப்போனால், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் தண்ணீரைத்தான் ஆல்டோனா எடுத்தது. வித்தியாசம் ஒன்றுதான்: ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்க்கில் இல்லை.

நம் ஊரணிகளிலும் இதன் எளிய வடிவம் உண்டு. ஊரணிக் கரையோரம் ஒரு கிணறு வெட்டியிருப்பார்கள். ஊரணித் தண்ணீர் மணல் வழியாகக் கசிந்து கிணற்றுக்குள் ஊறும். மக்கள் கிணற்றில் இறைப்பார்கள், ஊரணிக்குள் யாரும் கால் வைக்க வேண்டியதில்லை. இன்று அதே இடத்தில் வடிகட்டித் தொட்டியும் கைப்பம்பும் வைக்கிறார்கள். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ராமநாதபுரம் பகுதியில் ஊர் மக்களோடு சேர்ந்து ஊரணிகளைச் சீரமைத்து வருகின்றன.

வடிகட்டிக்குப் பிறகும் கடைசிப் பாதுகாப்பாகக் கொதிக்க வைப்பதோ, அளவாகக் குளோரின் போடுவதோ அவசியம். இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லி குடிநீரில் ஈகோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

யார் பரிசோதிப்பது?

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வழி இருக்கிறது. கையடக்கப் பரிசோதனைப் பெட்டியில் உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் பார்க்கலாம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் குப்பி உண்டு. தண்ணீரை ஊற்றி வைத்து அது கறுப்பாக மாறினால், மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

எப்போது பரிசோதிப்பது? முதல் மழை வந்து சேர்ந்த பிறகு ஒரு முறை, கோடையில் தண்ணீர் குறைந்து அடர்த்தியாகும்போது ஒரு முறை. இந்த இரண்டும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா ஊரணி?

இல்லை. இதைச் சொல்லாமல் பழைய முறைகளைப் புகழ்வது நேர்மையாக இருக்காது. 'ஊர் குடிக்கும் நீர்' என்றபோது அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி பல இடங்களில் சேர்க்கப்படவே இல்லை. குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகவே இந்த நாட்டில் பெரிய போராட்டங்கள் நடந்தன. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிராவின் மகத் நகரில், டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சென்று சவ்தார் குளத்தில் தண்ணீர் அருந்தினார். பிறகு அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மத, பாலினப் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே தடுத்தது.

அதனால் ஓர் ஊரணியைச் சீரமைக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை அடி தோண்டணும்?' என்பதல்ல. 'யாரெல்லாம் இங்கே குடம் வைப்பார்கள்?' என்பதுதான். கைப்பம்பு எந்தத் தெருவில், எவ்வளவு தூரத்தில், பராமரிப்புக் குழுவில் யார் யார் என்பதில் இது தெரிந்துவிடும். தண்ணீர் சுமப்பது பெண்கள் என்றால், அந்தக் குழுவில் முடிவெடுக்கும் இடத்திலும் பெண்கள் இருக்க வேண்டும்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

மழையை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மெதுவாக்கித் தேக்குவது என்ற கொள்கை உலகில் பல இடங்களில் உண்டு. வடிவம்தான் மண்ணுக்கு ஏற்றபடி மாறும்.

ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் 'ஜோஹட்' என்ற மண்கரைத் தடுப்புகளைக் கிராம மக்கள் மீட்டெடுத்தார்கள். 1980களின் நடுவில் தொடங்கிய வேலை இது. கிணறுகளில் நீர் ஏறியது, வறண்டு கிடந்த அர்வாரி ஆற்றில் மறுபடி தண்ணீர் ஓடியது. இதில் முன்னின்ற ராஜேந்திர சிங்குக்கு 2001 இல் மகசேசே விருதும் 2015 இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் கிடைத்தன. அங்கே நோக்கம் தண்ணீரை நிலத்துக்குள் இறக்குவது. நிலத்தடி நீர் உப்பாக உள்ள ராமநாதபுரத்து ஊரணியில் நோக்கம் நேர் எதிர்: கீழே இறங்காமல் மேலேயே வைத்துக்கொள்வது.

கென்யாவின் மச்சாகோஸ், மகுவேனி, கிட்டுயி பகுதிகளில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறுகளின் குறுக்கே சின்னத் தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள். அதன் பின்னால் தேங்குவது பெரும்பாலும் மணல். அந்த மணலின் இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். வெயில் குடிக்க முடியாது, கொசு முட்டையிட முடியாது, மணலே வடிகட்டும். காய்ந்த ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தனியாகப் பாடம் தேவையில்லை.

பக்கத்து ஊரில் வெற்றி பெற்றது நம் ஊரிலும் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மண்ணைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநில அரசுகளுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கே ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்தது பற்றியதுதான். பல வருடமாக அங்கே இருக்கிறோம், பணம் செலவழித்துக் கட்டிவிட்டோம் என்பதெல்லாம் சட்டவிரோத ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் காரணமாகாது என்றும் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இன்படி, குடிநீருக்கான குளங்களையும் கிணறுகளையும் பராமரிப்பது கிராம ஊராட்சியின் கடமைகளில் ஒன்று. 2022 ஏப்ரலில் தொடங்கிய அம்ரித் சரோவர் திட்டத்தில் மாவட்டத்துக்கு 75 நீர்நிலைகளை உருவாக்க அல்லது மீட்க இலக்கு வைக்கப்பட்டது.

எனவே கேட்பதற்கு இடம் இருக்கிறது. அந்த இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, உலக தண்ணீர் தினமும் ஒன்று.

உங்கள் ஊர் ஊரணியில் பார்க்க வேண்டிய 7 விஷயங்கள்

1. வரத்துக்கால்: மழை பெய்யும்போது குடை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே தடைபட்டு நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

2. நீர்வரத்துப் பகுதி: அந்த நிலத்தின் சர்வே எண், வகைப்பாடு, எல்லை எல்லாம் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தில் இருக்கும். அதை அளந்து கல் நட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

3. கழிவு: சாக்கடை வாய், கழிப்பறைக் குழி, உரக்குழி எதுவும் தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

4. வண்டல் பிடிப்பு: ஊரணிக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு சின்னக் குழி இருந்தால், மண்ணும் குப்பையும் அங்கேயே தங்கிவிடும். வருடா வருடம் அதை மட்டும் அள்ளினால் போதும். வாய்க்கால் ஓரத்தில் புல் வளர்த்தால் மண் வருவதே குறையும்.

5. ஆழம்: தூர்வாரும் முன் களிமண் படுகை எங்கே இருக்கிறது என்று சோதித்தார்களா? அள்ளுவது வண்டலா, களிமண்ணா?

6. எடுக்கும் இடம்: மக்கள் உள்ளே இறங்காமல் தண்ணீர் எடுக்க வடிகட்டிக் கிணறோ கைப்பம்போ இருக்கிறதா? மாடு இறங்காமல் வேலி இருக்கிறதா?

7. பொறுப்பு: வருடத்துக்கு ஒரு முறை வாய்க்கால் சுத்தம் செய்வது யார், மணல் வடிகட்டியின் மேல்மண்ணைச் சுரண்டுவது யார், அதற்கான செலவு எந்தக் கணக்கில்? இதற்குப் பதில் இல்லையென்றால், எத்தனை லட்சம் செலவழித்தாலும் சில வருடங்களில் பழைய நிலைமைதான்.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை வந்த பிறகு வாய்க்கால் வெட்டினால் பயனில்லை. புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்கால் திறந்திருந்தால்தான், அடுத்த சித்திரையில் குடம் நிறையும்.